கவிழ்த்துக் காட்டச் சொன்ன கன்னியம்மாள்

முகப்பேர் கன்னியம்மாளுக்குக் கல்லூரியில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் கல்லூரிக்கு ஒரு கேடு வந்தபோது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் கிளம்பியது அவள்தான். காரணம், அவளுடைய இரண்டு எருமைகள்.

சட்டசபையில் நம்மவர்கள் மந்திரிகளாக உட்கார்ந்து கொஞ்ச காலமே ஆகியிருந்த சமயம். அமிஞ்சிக்கரையில் அரசாங்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு விடுதி இருந்தது. கன்னியம்மாள் விடியற்காலையில் எருமைகளை ஓட்டிக்கொண்டு போய் அந்த வாசலிலேயே கறந்து கொடுப்பாள். “கண்ணு எதிர்ல கறந்த பாலு” என்று பெருமை வேறு. கறந்தது கண்ணெதிரேதான், அதில் பொய்யில்லை. தவலைக்குள் முகப்பேர் ஏரித் தண்ணீர் முன்கூட்டியே குடியேறியிருக்கும், அவ்வளவுதான்.

வீடுகளில் இந்த ஜம்பம் சாயாது. பெண்கள் பாத்திரத்தைக் கண்டதுமே, “ஏனத்தைக் கவுத்துக் காட்டு” என்பார்கள். விடுதியிலோ வார்டன் முதல் சமையற்காரர் வரை எல்லாரும் ஆண்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இப்படிப்பட்ட புண்ணியவான்களை விட்டுவிட்டு மறுபடி வீடு வீடாக அலைய அவள் தயாரில்லை.

அந்த வருஷ பட்ஜெட்டில் கல்லூரிப் படிப்புக்கான பணத்தை வெட்டப்போகிறார்கள், விடுதியை மூடிவிடுவார்கள் என்று பேச்சு எழுந்தது. கல்லூரிச் சிப்பந்திகள் சங்கம் விடுதி முற்றத்தில் கூட்டம் போட்டது. சங்கக் காரியதரிசி ஜெயராமன், கல்லூரியில் குமாஸ்தா. தங்கமான மனிதன், ஆனால் வாயைத் திறந்தால் கேட்பவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். அவன் தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, தன் தவலையைக் கழுவ வந்த கன்னியம்மாள் குறுக்கே புகுந்தாள்.

“இன்னா நைனா, மொணமொணன்னுகினு? படிக்கிற புள்ளைங்க வவுத்துல அடிக்காதன்னு சொல்லு. பாலு குடிக்காத புள்ள எப்பிடி பி.ஏ. பாஸாவும்?”

கூட்டம் விழித்துக்கொண்டது. அன்றைக்கே அவளைச் சங்கத்தில் சேர்த்து, மனுக் கொடுக்கப் போகும் தூதுக்குழுவிலும் போட்டுவிட்டார்கள்.

சட்டசபை அங்கத்தினர் ஜம்புலிங்கத்தின் பங்களா நசரத்பேட்டையில் இருந்தது. அவர் எல்லாருக்கும் மோர் கொடுத்தார், மனுவை வாங்கிக்கொண்டார், பிறகு கையை விரித்தார்.

“கஜானா காலிப்பா. நான் என்ன செய்யட்டும்?”

ஜெயராமன் கும்பிட்டுவிட்டு எழுந்தான். கன்னியம்மாள் அசையவில்லை.

“காலின்னா கவுத்துக் காட்டு சாமி.”

“என்னது?”

“பால்காரி ஏனம் காலின்னு சொன்னா உங்க ஊட்டு அம்மா நம்புறாங்களா? கவுத்துக் காட்டுன்றாங்க இல்ல? அத்தையே மந்திரிங்களாண்ட கேளு. ஒவ்வொரு இலாகாவா கவுக்கச் சொல்லு. அடியில இன்னா கீதுன்னு தெரிஞ்சிடும்.”

ஜெயராமனுக்கு வியர்த்துவிட்டது. ஜம்புலிங்கமோ விழுந்து விழுந்து சிரித்தார். சட்டசபையில் பேச அவருக்கும் ஏதாவது வேண்டியிருந்தது.

பட்ஜெட் விவாதத்தில் அவர் அதையே எடுத்து விளாசினார். பத்திரிகையில் வந்தது. இலாகாக்களைக் கிளறிப் பார்த்தார்கள், அடியில் பணம் இருந்தது, கல்லூரிப் பணம் தப்பியது. சங்கத்தார் விடுதி வாசலில் கூடி, பால் கறக்க வந்த கன்னியம்மாளுக்கு மாலை போட்டார்கள். அவளுக்குக் கண் கலங்கியது. பிழைப்பு நிலைத்துவிட்டது என்ற நிம்மதி ஒரு பக்கம், இத்தனை படித்தவர்கள் தன்னைக் கொண்டாடுகிறார்களே என்ற பூரிப்பு இன்னொரு பக்கம்.

மாலையோடு எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போது வார்டன் ஒரு காகிதத்தோடு வந்தார்.

“பணம் குடுத்தவங்க ஒரு நிபந்தனையும் போட்டிருக்காங்க. இனிமே விடுதிக்குள்ள வர்ற எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்துப் பார்த்துத்தான் சாமான் வாங்கணுமாம். அம்மா சொன்ன யோசனைதானே? அவங்களே ஆரம்பிச்சு வைக்கட்டும்.”

எல்லாரும் கைதட்டினார்கள். கன்னியம்மாள் எருமையைப் பார்த்தாள், தவலையைப் பார்த்தாள்.

“இப்ப ராவுகாலம் நைனா. நாளைக்கி ஆரம்பிக்கலாம்.”

“நல்ல காரியத்தை ஏம்மா தள்ளிப் போடணும்?” என்று ஜெயராமன் தானே தவலையைத் தூக்கி, உற்சாகமாகக் கவிழ்த்தான். அவன் கால் இரண்டும் நனைந்தன.

கைதட்டல் நின்றுவிட்டது.

“கழுவினது சரியா வடியல,” என்றாள் கன்னியம்மாள்.

ஜெயராமன் அவள் கழுத்திலிருந்த மாலையைப் பார்த்தான். தான் வாங்கி வந்த மாலை. காலை உதறிக்கொண்டு, “வடியாதும்மா, சில சமயம்,” என்றான்.

மறுநாள் முதல் கவிழ்த்த தவலையில்தான் கறந்தாள். பால் போதாமல் மூன்றாவதாக ஓர் எருமையும் வாங்க வேண்டியதாயிற்று. அந்த வாரக் கடைசியில் ஜெயராமன் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தான். மாணவர்கள் சங்கத்திடம் புகார் கொடுத்திருந்தார்கள். காப்பி கொழகொழவென்று இருக்கிறதாம், குடித்தால் வயிறு மந்தமாகிறதாம், பாலில் ஏதோ கலப்படமாம்.

“எதையாவது கலந்தியாம்மா?”

கன்னியம்மாள் எருமையின் மடியிலிருந்து கையை எடுக்காமலே பெருமூச்சு விட்டாள்.

“ஆமா நைனா. பாலைக் கலந்துட்டேன்.”