ஜெனரேட்டர்காரரின் மஞ்சள் துணி

"சூரியனா? ஆறு மணியானா அவரு வீட்டுக்குப் போயிடுவாரு. என் ஜெனரேட்டர் எவன்கிட்டயும் போய் கரண்ட் கேட்டு நின்னதில்ல, நிக்கவும் நிக்காது!"

இப்படிப் பிரகடனம் செய்தபடியே ஜெனரேட்டரின் நெற்றியை மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார் அதன் உரிமையாளர். அந்தத் துணி ஜெனரேட்டருக்கு மட்டுமே. அவருடைய மூக்குக்கண்ணாடிக்குச் சட்டை நுனி போதும். இருபத்திரண்டு வருஷமாக, அவரிடம் வாடகைக்கு எடுத்த எவரும் இருட்டில் நின்றதில்லை. அவர் எதிரில் டீசல் நாற்றம் என்று சொல்லிவிடக் கூடாது; வாசனை என்று சொல்ல வேண்டும்.

இந்தச் சாம்ராஜ்யத்துக்கு நேர்மேலே, மாடியில், எதிரி நாடு. மகளும் மாப்பிள்ளையும் அங்கே குடியிருக்கிறார்கள். மாப்பிள்ளை மொட்டைமாடியில் எட்டு சோலார் தகடுகளைப் பொருத்தியிருக்கிறார்.

"மாப்பிள்ளை, கண்ணாடியை வெயில்ல காயப் போட்டிருக்கீங்களே, எப்ப மடிச்சு வைக்கப் போறீங்க?"

"அது சத்தம் போடாம வேலை செய்யுதுல்ல மாமா, அதான் உங்களுக்குத் தெரியல."

இதற்கு மாமாவிடம் ஒரே பதில்தான். பொத்தானை அழுத்துவார். ஜெனரேட்டர் கர்ஜிக்கும்; ஜன்னல்கள் நடுங்கும். எதிரில் இருப்பவர் காதைப் பொத்தியதும் நிறுத்திவிடுவார். "பாத்தீங்களா? ஒரே அமுக்கு!"

அன்று பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்தே தெருவில் மின்சாரம் இல்லை. மாடியில் மட்டும் மின்விசிறி சுற்றுகிறதே என்று வேடிக்கை பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு கர்ஜனை இலவசம். ஏழு பேர், ஏழு கர்ஜனை. எட்டாவது முறை அழுத்தியபோது 'டிக்' என்றது. அதோடு சரி. கொஞ்ச நேரமாவது ஓடினால்தான் கிளப்பிவிடும் பாட்டரியில் மறுபடி சார்ஜ் ஏறும். கிளப்பிக் கிளப்பி நிறுத்தியதில் அது காலி.

நான்கு மணிக்குப் பள்ளி ஆண்டுவிழா. விளக்கும் மைக்கும் இவரை நம்பி. மணி பன்னிரண்டு. சார்ஜர் கையில் இருக்கிறது, சுவரில்தான் கரண்ட் இல்லை.

"மாப்பிள்ளைகிட்ட கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"யாரு, நானா?"

"வேணாம்னா உங்க ஜெனரேட்டரை அனுப்புங்க. ஒரே அமுக்குல படியேறிடும்."

ஜெனரேட்டரிலிருந்து பாட்டரியைக் கழற்றி எடுத்தார். பிறகு, மாடியில் சாப்பிட உட்காரும் சத்தம் கேட்டதும், செருப்பைக் கழற்றிவிட்டு, பாட்டரியைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு பூனை மாதிரி மொட்டைமாடிக்கு ஏறினார். இன்வெர்ட்டர் பக்கத்துப் பிளக்கில் சார்ஜரைச் செருகினார். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்து நின்றது. அண்ணாந்து முறைத்தார். அது நகர்ந்துவிட்டது.

கடைசித் தகட்டில் காக்கை எச்சம் காய்ந்திருந்தது. படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். யாருமில்லை. தோளிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து, வாயால் ஊதி ஊதி, ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.