வெள்ளைத் தாளுக்கு ஒரு கண்ணாடி

துறைமுகச் சாலையில் உள்ள ஒரு கண்டெய்னர் யார்டில் பத்தொன்பது வருடமாக கேட்டில் வேலை பார்க்கிறேன். உள்ளே வரும் ஒவ்வொரு டிரெய்லரையும் நிறுத்தி, பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து அனுப்ப வேண்டும். நான்கு ஆங்கில எழுத்து, ஏழு எண். பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். தாளில் இருப்பதுதான் எனக்கு வராது.

எழுத்துத் தெரியாதவன் இல்லை. பத்தாவது வரை படித்தவன். ஆனால் வெள்ளைத் தாளைக் கையில் எடுத்தால், உச்சி வெயிலில் உப்பளத்தைப் பார்ப்பதுபோல் கண் கூசும். கொஞ்ச நேரத்தில் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று சாயும். ஆறும் எட்டும் இடம் மாறும். பள்ளிக்கூடத்தில் இதற்கு மக்கு என்று பேர் வைத்தார்கள். அதனால் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

கேட்டில் இரண்டு வழி வைத்திருந்தேன். டிரைவரை இறங்கச் சொல்லி, "நீ தாள வாசி, நான் பெட்டியப் பாக்கேன்" என்பேன். கறாரான ஆள் என்று எல்லாரும் நினைத்தார்கள். இன்னொன்று, ரோஸ் காப்பி. எங்கள் படிவம், பாரம் என்போம், வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று மூன்று தாளாக வரும். ரோஸ் தாளில் எழுத்துகள் கொஞ்சம் அடங்கி நிற்கும். ஏன் என்று தெரியாது. அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

போன வருடம் மேனேஜர் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, அடுத்த மாசத்துல இருந்து டிரைவர் யாரும் வண்டிய விட்டு இறங்கக் கூடாது. பாதுகாப்பு விதி. கேட்ல ஜன்னல் வைக்கப் போறோம், நீங்க உள்ள உக்காந்து பாத்துக்கலாம். பழைய பாரமும் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர் பிரிண்ட்தான்."

பிரிண்ட் என்றால் வெள்ளைத் தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சிரமமா இருந்தா சொல்லுங்க, ஷெட்டுக்கு மாத்திக்கலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஷெட்டில் மூட்டை எண்ணும் வேலை. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் மாறினாய் என்று யார்டே கேட்கும். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் மனைவி ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள். அவள் தையல் வேலை செய்கிறாள். நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன். "ஏளா, எனக்கு வெள்ளைத் தாள் வாசிக்க வராது."

அவள் தலையைத் தூக்கவில்லை. "இருவத்திரண்டு வருசம் கழிச்சு இப்பத்தான் வாயத் தொறந்தீகளாக்கும். கல்யாணப் பத்திரிக மஞ்சளா வந்தா முழுசா வாசிப்பீங்க. வெள்ளையா வந்தா, கண்ணாடிய எங்கன வச்சேன்னு வீடு பூரா தேடுவீங்க. எனக்குத் தெரியாதா?"

ரோஸ் காப்பியைப் பற்றியும் சொன்னேன். ஊசியை நிறுத்தினாள். "அப்போ கண்ணாடியவே ரோஸா போட்டா என்ன?"

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். நான் போட்டிருந்த வாசிப்புக் கண்ணாடியின் பவர் சரியாகவே இருந்தது. மீதியைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கண் பார்ப்பதை மூளை வாங்கிக்கொள்ளும் விதத்தில் சிலருக்கு இப்படித் தொந்தரவு இருக்கும் என்றார். நிறக் கண்ணாடி இதற்கு மருந்து இல்லை, எல்லாருக்கும் உதவும் என்று நிரூபணமும் இல்லை, சிலருக்கு இதமாக இருக்கிறது, போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்றார்.

கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிற பெண் ஒரு பெட்டியைத் திறந்தாள். வரிசையாக நிற நிறமாக லென்சுகள். எண்கள் நிறைந்த ஒரு வெள்ளைத் தாளை என் கையில் தந்துவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டி, "இது நல்லாருக்கா, முந்துனது நல்லாருந்துச்சா?" என்று கேட்டாள். எனக்கு அந்நியப் பெண்ணிடம் பேசவே கூச்சம். எல்லாவற்றுக்கும் நல்லாருக்கு என்று தலையாட்டினேன்.

"பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க, எல்லாத்துக்கும் தலையாட்ட?" என்றாள் மனைவி. "சத்தமா வாசிங்க."

வாசித்தேன். நான் தடுமாறும்போதெல்லாம் அவள் ஒரு விரலை மடக்கினாள். முதலில் மாட்டிய இரண்டு மூன்று நிறங்களில் கை சீக்கிரமே நிறைந்துவிட்டது. ரோஸ் போட்டதும் இரண்டே விரல். இதுதான் என்று எழுந்தேன்.

அவள் விடவில்லை. ரவிக்கைக்கு லைனிங் எடுக்கப் போனாலும் கடை டியூப் லைட்டை அவள் நம்ப மாட்டாள். துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகுதான் வாங்குவாள். "ரோட்டுக்கு வாங்க" என்றாள்.

"அக்கா, டிரயல் லென்ஸ வெளிய கொண்டுபோகக் கூடாது."

"அப்போ நீயும் கூட வா தாயி. இவுக வெயிலுக்கு முன்னாலதான வேல பாக்காக."

மூன்று பேரும் தெருவில் நின்றோம். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வெயிலில் தாள் பழையபடி கூசியது. எதிர்க் கடை போர்டில் இருந்த சிவப்பு எழுத்துகள் மங்கிப்போயின. இந்த ரோஸ் நிறத்தைத்தான் இத்தனை வருடம் நம்பியிருந்தேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன்.

"ஒரு துணி சேரலன்னா கடையவே மூடிட்டுப் போயிருவாகளா? அடுத்தத மாட்டு தாயி."

மஞ்சள், பழுப்பு, பச்சை, நீலம் என்று அந்தப் பெண் மாற்றிக்கொண்டே போனாள். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒன்றை மாட்டியபோது, யாரோ தாளை மேசையில் வைத்து ஆணி அடித்ததுபோல் வரிகள் நின்றன. வாசித்தேன். வரியின் முடிவில் தேடாமல் அடுத்த வரியின் தொடக்கம் கண்ணில் பட்டது. இன்னும் வாசிக்கலாம் என்று பார்த்தால் பக்கம் முடிந்திருந்தது. மனைவியின் பத்து விரலும் நீட்டியபடி இருந்தன.

அவள் லென்சை வாங்கி வானத்துக்கு எதிரே பிடித்தாள். "மயில் கழுத்துக் கலரு" என்றாள்.

"அதுல மூணு அடர்த்தி இருக்குக்கா" என்றாள் அந்தப் பெண். மூன்றையும் வெயிலிலும் கடைக்குள்ளும் போட்டு வாசித்து, நடுவில் உள்ளதை எடுத்தோம்.

ஜன்னலில் முதல் நாள். மேனேஜர் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலில் வந்த டிரைவர் தாளை நீட்டிவிட்டு, "என்ன அண்ணாச்சி, கூலிங் கிளாஸு? பொண்ணு கல்யாணத்துக்கா, உமக்கா?" என்றான். தாளைப் பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன், முத்திரை வைத்தேன். மெதுவாகத்தான் செய்தேன். ஆனால் தப்பில்லாமல் செய்தேன்.

மதியத்துக்குள் ஒரு வண்டி வந்தது. தாளில் கடைசி இரண்டு எண் அறுபத்தெட்டு. பெட்டியில் எண்பத்தாறு. ஆறும் எட்டும் எனக்கு மாறுவது வழக்கம்தானே. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். எண்கள் நெளிந்தன. மாட்டிப் பார்த்தேன். நின்றன. நின்றபடி வேறுவேறாக இருந்தன.

"சார், இந்த வண்டிய விடக் கூடாது" என்றேன். "தாள்தான் தப்பு."

தாள் தப்பு என்று என் வாழ்க்கையில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

டிரைவர் ஹாரன் அடித்தான். "அண்ணாச்சி, கண்ணாடியக் கழத்திட்டுப் பாரும்!"

மேனேஜர் இறங்கிப் போய்ப் பெட்டியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். திரும்பவும் பெட்டியைப் பார்த்தார். பெட்டியை அனுப்பிய ஆபீஸைப் போனில் கூப்பிட்டு எண்ணைக் கேட்டார். திரும்பி வந்து, "அவங்க அடிச்சதுதான் தப்பு" என்றார். எனக்குப் பின்னால் போட்டிருந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

திருத்திய தாள் வரும்வரை அந்த டிரைவர் ஜன்னல் பக்கமே வண்டியை ஓரம் கட்டியிருந்தான். கோபம் தணிந்து, "உண்மையச் சொல்லும், அது என்ன கண்ணாடி?" என்று கேட்டான்.

சொன்னேன். வெள்ளைத் தாள், ஆடும் வரி, மக்கு என்ற பேர், எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் நின்ற இரண்டு டிரைவர்களும் வண்டியிலிருந்து தலையை நீட்டிக் கேட்டார்கள். என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக இருந்தது.

"அப்போ எங்கள இறக்கி வாசிக்கச் சொன்னது கெத்து இல்லையா?"

"கெத்தா? பயம்லே."

மூன்று வண்டியிலும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சரி, கொஞ்சம் ஒதுங்கு, பின்னால பதினாலு வண்டி நிக்கு" என்று சொல்லி அடுத்த தாளுக்குக் கையை நீட்டினேன்.