ஈரத்தின் மேல் போட்ட பழி

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவன் ஜெயமுருகன். மலையேறி வந்து கொடைக்கானல் நாயுடுபுரத்தில் லேப்டாப் ரிப்பேர் கடை போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கைசுத்தமான ஆள் என்று பெயர். இல்லாத கோளாறைச் சொல்லி யார் தலையிலும் எதையும் கட்டமாட்டான். ஆனால் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காரணம் பிடிபடாத கோளாறு எது வந்தாலும், “ஈரம் ஏறியிருக்குங்க” என்று சொல்லிவிடுவான். கொடைக்கானலில் அதை மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? துவைத்துப் போட்ட சட்டை மூன்று நாளானாலும் காயாத ஊர். லேப்டாப்பில் மட்டும் ஈரம் ஏறாதா என்ன?

அந்தச் சொல் எங்கே போய் முடிந்தது என்பது, பேத்துப்பாறை சின்னத்தாயி கடையேறி வந்த அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. பூண்டுக் காட்டில் கூலிக்குப் போகிறவள். மகள் சுகன்யா வீட்டில் இருந்தபடியே கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்தாள். வாடிக்கையாளர்கள் கேட்கிற கேள்விகளுக்கு டைப் அடித்துப் பதில் சொல்லும் வேலை. அவளுடைய லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போலத் தூக்கி வந்திருந்தாள் சின்னத்தாயி.

“தம்பி, இது பாதியிலேயே நீலமாப் போயி நின்னுருது. ஒரே நாள்ல நாலு வாட்டி. பிள்ளைய வேலையவிட்டு நிப்பாட்டிட்டாங்க.”

ஜெயமுருகனுக்கு இந்த லேப்டாப்பை நன்றாகவே தெரியும். மார்ச்சில் ஃபேன் சுத்தம் பண்ண சுகன்யா கொண்டு வந்தாள். அடுத்த மாசமே நீலத்திரை வருகிறது என்று திரும்ப வந்தாள். அவன் உள்ளே திறந்துகூடப் பார்க்காமல் விண்டோஸை மட்டும் புதிதாக ஏற்றி, “ஈரம்தான்மா. கதகதப்பான எடத்துல வையி” என்று அனுப்பிவிட்டான்.

“நீங்க சொன்னீங்கன்னுதான் வச்சேன்,” என்றாள் சின்னத்தாயி. “எங்க வீட்டுல அடுப்படிய விட்டா வேற கதகதப்பு ஏது? அடுப்புக்கு மேல பூண்டு காயுற பரண்ல தெனமும் ஏத்தி வச்சேன். புகையடிச்சுக் கெட்டுப்போச்சுன்னு மக சொல்லிட்டா. நான்தான் தம்பி அவ சோலியக் கெடுத்தவ.”

கம்பெனிக்காரர்கள் ஒரு வழி விட்டிருந்தார்கள். என்ன கோளாறு, சரியாகிவிட்டதா என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி இந்த வாரத்துக்குள் அனுப்பினால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். சுகன்யா எதுவும் வேண்டாம் என்று களை வெட்டப் போய்விட்டாள். அதனால்தான் தாய்க்காரியே கிளம்பி வந்திருக்கிறாள்.

அடிமூடியைக் கழற்றியதும் பூண்டும் புகையும் கலந்த வாடை அடித்தது. ஃபேன் முழுக்கக் கரி. அப்பாடா என்றிருந்தது ஜெயமுருகனுக்கு. அந்த நிம்மதி இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஒரு ஸ்குரு மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருந்தது.

அதை மாட்டியது அவனேதான். மார்ச்சில் குட்டி ஸ்குரு ஒன்று கை நழுவிக் கீழே உருண்டது. குனிந்து தேடச் சோம்பல்பட்டு, டப்பாவில் கிடந்த வேறொன்றை எடுத்து முறுக்கிவிட்டான். இப்போது அதன் முனை குத்திய இடத்தில் போர்டில் ஒரு தழும்பு தெரிந்தது.

ஒருவேளை புகையாகவே இருக்கட்டுமே என்று மனசு கெஞ்சியது. கரியைத் துடைக்காமல் ஸ்குருவை மட்டும் மாற்றி மெமரி டெஸ்ட் ஓடவிட்டான். இரண்டு மணி நேரம் ஒரு பிழையும் இல்லை. பழைய நீள ஸ்குருவைத் திரும்ப முறுக்கினான். எட்டாவது நிமிஷம் சிவப்புச் சிவப்பாகப் பிழைகள் கொட்டின.

சின்னத்தாயி ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்குருவை மாற்றிவிட்டுக் கரியையும் துடைத்துக் கொடுத்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் ஆள் ரெடியாக எதிரே இருக்கிறதே! பேனாவை எடுத்து, ‘அடுப்புப் புகையினால் ஏற்பட்ட’ என்று மூன்று சொல் எழுதினான். அந்த மூன்றாவது சொல்லில் கை நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. தாளைக் கிழித்துவிட்டு, சரியான ஸ்குருவைத் திரும்ப மாட்டி மூடினான். பிறகு வேறு எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தினான்.

“எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி. என்ன எழுதியிருக்கீங்க? படிச்சுக் காட்டுங்க.”

அதை அவன் எதிர்பார்க்கவில்லை. எழுதியதை எழுதியபடியே படித்தான்: “‘மார்ச் மாதம் நான் பழுதுபார்த்தபோது தவறான ஸ்குருவை மாட்டியதே இந்தக் கோளாறுக்குக் காரணம். இப்போது சரிசெய்து சோதித்துவிட்டேன். வைத்திருந்தவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.’”

“அப்ப, நான் கெடுக்கலையா?”

“நீங்க இல்லம்மா. நான்தான்.”

“புகை?”

“புகையும் இல்ல, ஈரமும் இல்ல. அன்னைக்கு ஒழுங்காத் தொறந்து பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். எனக்குச் சோம்பல்.”

நாலு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்றாள். சொன்னான். இடுப்பிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, அவனிடம் நீட்டினாள்.

“அவகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டா.”

ஜெயமுருகன் ஒன்றுவிடாமல் சொன்னான். அந்தப் பக்கம் காட்டில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தத்துக்கு நடுவே சுகன்யா சொன்னாள்.

“அண்ணே, எங்கம்மாகூட நான் பேசிப் பத்து நாளாச்சுண்ணே.”

“என்ன சொல்றா தம்பி? வேலைக்குப் போறேங்கிறாளா?” என்று சின்னத்தாயி ஆவலாகக் கேட்டாள்.

அவன் போனை அவள் கையில் கொடுத்தான். “உங்ககிட்டப் பேசணுமாம்,” என்றான்.