தெரிந்தவரைப் படம் எடுக்காத எட்வர்ட்

எட்வர்ட்டின் கேமராவில் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் வசதி கிடையாது. லென்ஸ் முன்னும் போகாது, பின்னும் வராது. ஒரு ஆளின் முகம் வேண்டுமென்றால் அந்த ஆளிடம் நடந்துதான் போக வேண்டும். சட்டைப் பையில் அடங்கிவிடும் அந்தக் கறுப்புப் பெட்டிக்கு அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் வைத்த பேர் சோப்பு டப்பா. "இன்னா எட்வர்ட்டு, டப்பாவோட வந்துக்கீற, குளிக்கப் போறியா?" என்று கேட்காமல் ஒரு நாளும் விடியாது.

அவனுக்குப் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் எட்டரை மணிக்குத்தான் வேலை. ஆனால் ஐந்தரைக்கெல்லாம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கம்பி உருட்டும் மில் இருக்கும் முக்குக்கு வந்துவிடுவான். ஷிஃப்ட் மாறும் நேரம். ஃபோகஸை இரண்டு மீட்டரில் பூட்டிவிட்டு, கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து நடப்பான். நின்றபடியே தூங்குகிறவன், ஹெல்மெட்டில் தண்ணீர் பிடித்து முகம் கழுவுகிறவன், ஷேர் ஆட்டோவில் மீன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பழவேற்காட்டிலிருந்து வருகிறவள், எல்லோரும் அந்த டப்பாவுக்குள் போனார்கள். ஆறு வருஷத்தில் மூன்று லட்சம் படம்.

அவனுக்கு ஒரு கறார் உண்டு. தெரிந்தவர்களை எடுக்க மாட்டான். தெரிந்தவன் கேமராவைப் பார்த்ததும் தொப்பையை உள்ளே இழுப்பான், தலையைக் கோதுவான், பல்லைக் காட்டுவான். அதற்கு ஸ்டுடியோ இருக்கிறது. தெரிந்த முகம் எதிரே வந்தால் கையை இறக்கிவிடுவான். ஸ்டுடியோக்காரன் எடுத்த கல்யாண ஆல்பத்தோடு சரி, பெண்டாட்டி மேரிக்கே அவன் எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது.

மேரியின் தம்பி தாவீதுக்கும் கிடையாது. தாவீது அந்தக் கம்பி மில்லில் ஒப்பந்த வேலைக்காரன். அக்கா வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். போன வியாழக்கிழமை காலை முக்கில் எட்வர்ட்டின் எதிரே வந்து நின்றான்.

"மாமா, ஊரையே புடிக்கிற. என்ன ஒண்ணு புடியேன்."

"போடா. நீ பாத்துட்டாலே படம் கெட்டுப்பூடும்."

"சரி, பாக்கல. முதுகத் திருப்பிக்கினு போறேன், புடி."

சிரித்துக்கொண்டே போனான். எட்வர்ட் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் தாவீது வீடு திரும்பவில்லை.

போன் அணைந்திருந்தது. வெள்ளிக்கிழமை எட்வர்ட்டும் மேரியும் மில் கேட்டில் போய் நின்றார்கள். ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் பூவராகவன் வெளியே வந்து, வெள்ளைச் சட்டைக் கையை நிதானமாக மடித்துக்கொண்டே பேசினார்.

"தாவீதா? அவன் டாக்டர் சர்ட்டிபிகேட்டு புதன்கிழமையோட முடிஞ்சுபோச்சும்மா. சர்ட்டிபிகேட்டு இல்லன்னா பாஸு செல்லாது. பாஸு இல்லாதவன் எப்புடி உள்ள வருவான்? வேணும்னா ரிஜிஸ்டரப் பாரு."

ரிஜிஸ்டரைக் காட்டினார். வியாழக்கிழமை இருபது பேர். தாவீது இல்லை.

"கேட்டாண்ட வந்தான் சார், நானே பாத்தேன்," என்றான் எட்வர்ட்.

"கேட்டாண்ட நாயிகூடத்தான் வருது. உள்ள வந்தானான்னு பேசு."

சனிக்கிழமை பொன்னேரியில் ஆரம்பித்து சென்னை ஸ்டான்லி வரைக்கும் பதினோரு ஆஸ்பத்திரி ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு இடத்திலும் மேரி ஜன்னலில் முகத்தை வைத்து, "தாவீதுன்னு யாராச்சும் வந்துகீறாங்களா? இருவத்தொம்போது வயசு, மாநெறம்," என்று கேட்பாள். கடைசி இரண்டு இடத்தில் பிணவறைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே எட்வர்ட் மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினான். இல்லை என்பதற்குத்தான் ஆட்டினான். மேரி தவறாக எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளை எழுப்பி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை. எட்வர்ட் பழைய லேப்டாப்பைத் தரையில் வைத்துக்கொண்டு வியாழக்கிழமைப் படங்களைத் திறந்தான். இருநூற்று முப்பது. முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரைக்கும் அந்நியர்கள்.

மேரி பின்னால் நின்றாள். "இவன் யாரு?"

"தெரியாது."

"இவ?"

"தெரியாது மேரி."

"தெரியாதவன் அத்தினி பேரும் இருக்கறானுங்க. எந்தம்பி மட்டும் இல்ல." குரல் உயரவில்லை. "கேட்டான் இல்ல ஒனக்கு? ஒரே ஒரு படம்?"

எட்வர்ட் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான். இந்த முறை ஆட்களை விட்டுவிட்டு ஓரங்களைப் பார்த்தான். அகல லென்ஸுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, கேட்காததையும் ஓரத்தில் கொண்டுவந்து ஒட்டிவிடும். ஆறு வருஷமாக அந்த ஓரங்களைத் திட்டிக்கொண்டுதான் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தான்.

நூற்று நாற்பத்தொன்றாவது படம். இட்லிக்காரம்மா ஆவிக்குள் முகத்தை வைத்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் மதில், மதிலில் பசை காயாத ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இடது ஓரத்தில், கட்டை விரல் நக அளவுக்கு, மில் கேட்டின் சின்னக் கதவுக்குள் ஒரு காலை வைத்துவிட்ட ஒருவனின் முதுகு.

பெரிதாக்கினான். படம் மணல் மணலாக உதிர்ந்தது. ஆனாலும் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை மேரி தன் கையால் துவைத்திருக்கிறாள். இடது தோள் தாழ்ந்த நடையும் அவனுடையதுதான்.

"உள்ளதான் போயிருக்கான்," என்றாள். "உள்ள போனவன் வெளிய வரல."

திங்கள் காலை படத்தைப் பெரிய தாளில் போட்டு எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ரைட்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேமராவையும் வாங்கிப் பார்த்தார்.

"இதுல தேதி ஜனவரி ஒண்ணு, 2018ன்னு காட்டுது. நீ வியாழக்கெழமன்னு சொல்ற."

"செகண்ட் ஹேண்ட் சார். பேட்டரியக் கழட்டுனா தேதி அழிஞ்சிடும். இந்த போஸ்டரப் பாருங்க. லட்சுமியம்மாள், புதன்கிழமை காலமானாங்க, இறுதி ஊர்வலம் இன்று மாலைன்னு வியாழக்கிழமை தேதி போட்டுக்கீது. பசையே இன்னும் காயல."

ரைட்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போஸ்டரை வாய்க்குள் படித்தார். ஒரு நிமிஷம் அசந்துதான் போனார். பிறகு தாளை மேஜையில் போட்டார்.

"போஸ்டரு சரிய்யா. ஆளு? முதுகுதான கீது. முதுக வெச்சு நான் இன்னா பண்றது? வயசுப் பையன், எவளையாச்சும் இஸ்த்துக்கினு போயிருப்பான். ரெண்டு நாள்ல வருவான், போ."

வெளியே வேப்பமரத்தடியில் மேரி தாளைப் பிடித்தபடியே நின்றாள். அழவில்லை. அதுதான் எட்வர்ட்டுக்குப் பயமாக இருந்தது. வெயிலில் தாள் பளபளத்தது. திடீரென்று அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஏங்க, மில்லுல எல்லாருக்கும் பாஸு மாட்ற பட்டை செவப்புதான?"

"ஆமா."

"இது மஞ்சளா கீது."

குனிந்து பார்த்தான். சைக்கிளில் வரும்போது ஹேண்டில்பாரில் மாட்டாமல் இருக்க பாஸை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வது அங்கே எல்லோருடைய வழக்கம். தாவீதின் முதுகில் தொங்கிய பட்டை மஞ்சள், நடுவில் நீலக் கோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கழுத்தில் போடுகிற பட்டை. சிவப்புப் பட்டை அறுந்துபோனபோது தன் மகள் ரம்யாவின் பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டவன் அந்த மில்லில் ஒருவன்தான் உண்டு. தாவீதோடு ஒரே செட்டில் வேலை பார்க்கும் ஏழுமலை.

ஊருக்கே தெரிந்த விஷயம் இது. சர்ட்டிபிகேட் முடிந்தவன், அன்றைக்கு லீவு எடுத்தவனின் பாஸை மாட்டிக்கொண்டு உள்ளே போவான். சூப்பர்வைசருக்குத் தலை எண்ணிக்கை இருபது வந்தால் போதும், பேர் யாருடையது என்று பார்க்க மாட்டார். பாஸில் ஒட்டிய படமோ வேர்வையிலும் சூட்டிலும் வெளுத்து, யார் முகத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஆகியிருக்கும். இத்தனையும் தெரிந்தவர்கள், பதினோரு ஆஸ்பத்திரியில் போய் தாவீது என்ற பேரைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

ஏழுமலை வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. நாலாவது தட்டலில் திறந்தான். மேரியைப் பார்த்ததும் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, எம்மேல தப்பில்லண்ணே. பூவராகவன் சாரே சொன்னாரு, எவன் பாஸயாச்சும் போட்டுக்கினு வா, தல கொறையக் கூடாதுன்னு. நான் அன்னிக்கு லீவு. குடுத்தேன்."

"அவன் எங்கடா?"

"பழுக்கக் காய்ஞ்ச கம்பி ரோலர விட்டுத் தெறிச்சுப் பறந்துச்சாம். செவசெவன்னு. இவன் மேல..." ஏழுமலை தன் முகத்தையும் கையையும் தொட்டுக் காட்டினான். "ஜீப்புல போட்டு ஆந்திரா பார்டர் தாண்டி இஸ்த்துக்கினு பூட்டாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சத்தியமா தெரியாதுண்ணே. 'ரிஜிஸ்டர்ல உள்ள வந்தவன் நீ, வெளிய போனவனும் நீ, வாயத் தெறந்தா ரெண்டு பேருக்கும் வேல இல்ல'ன்னு பூவராகவன் சாரு சொன்னாரு. நாலு நாளா சோறு எறங்கல."

"எனுக்கு எறங்குச்சாடா?" என்றாள் மேரி. "அக்கா அக்கான்னு எங்கையால எத்தினி நாள் நாஷ்டா துன்னுருப்ப? ஒரு வார்த்த வந்து சொல்லத் தோணலியே ஒனக்கு?"

அவன் தலையைத் தூக்கவே இல்லை.

பைக்கில் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டினார்கள். ஆரம்பாக்கமும் கடந்தது; ஆந்திரா எல்லைக்குள் போர்டுகள் தெலுங்குக்கு மாறின. முதல் ஆஸ்பத்திரியில் அப்படி யாரும் இல்லை. இரண்டாவது, ஒரு லாரி ஷெட்டுக்கு மேல் மாடியில் இருந்தது. மேரி ஜன்னலில் முகத்தை வைத்தாள். தம்பியின் பேர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "ஏழுமலை," என்றாள்.

"உன்னாரு," என்றது உள்ளிருந்து ஒரு குரல். இருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்கு மேரிக்குத் தெலுங்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மாடியில் நர்ஸ் கல்பனா, தமிழ்க்காரிதான், வழியை மறித்தாள். "நீங்க யாரு? யாரையும் விட வேணாம்னு மில்லுக்காரரு சொல்லிட்டுப் போனாரே."

"அக்காம்மா. கூடப் பொறந்த அக்கா."

கல்பனா அவள் முகத்தையே பார்த்தாள். வழி விட்டாள்.

கட்டிலில் கிடந்தவனுக்கு முகத்தில் பாதியும், இரண்டு கையும், மார்பும் கட்டு. கட்டுப் போடாத நெற்றித் துண்டில் விபூதி.

"நான்தான் வெச்சேன்க்கா," என்றாள் கல்பனா. "ஏழுமலைன்னு பேரு கீதே, சாமி பேரு, கேக்க யாரும் வரலியேன்னு. நாலு நாளா ஏழுமலை, ஏழுமலைன்னு காதாண்டயே கூப்புடறேன். அசையல. நெனவு இல்லன்னு சீட்டுல எழுதிட்டாங்க. சாயங்காலம் அந்த சாரு வண்டி கொண்டாந்து வேற எடத்துக்கு மாத்தப் போறாராம். எங்கன்னு சொல்லல."

மேரி குனிந்தாள். "தாவீது."

ஒன்றும் இல்லை. மேலே மின்விசிறி கிறீச்சிட்டது.

"டேய் தாவீது. அக்காடா. ஊட்டுக்குப் போலாம் வா."

போர்வைக்கு வெளியே நீண்டிருந்த வலது கால் கட்டை விரல் மடங்கியது. விரிந்தது. மறுபடி மடங்கியது. கல்பனா வாயைப் பொத்திக்கொண்டாள். "இவரு பேரே அது இல்லியா?" என்று கேட்டுவிட்டு, ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் வந்து கண் இமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார். பிழைப்பானா என்று மேரி கேட்டதற்கு, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும், கிருமி ஏறியிருக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். ஆனால் சேர்த்தவர் கையெழுத்து இல்லாமல் அனுப்ப முடியாது. சேர்த்தவர் பூவராகவன். கட்டிலில் கிடப்பவன் காகிதப்படி ஏழுமலை.

"நான் போயி ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் போன் பண்றேன்," என்ற எட்வர்ட் கதவு வரைக்கும் போய் நின்றான். போலீஸ் எதைக் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆள் எங்கே, முகம் எங்கே, தேதி எங்கே. அவர்கள் வந்து சேர்வதற்குள் வண்டி வந்து இந்தக் கட்டில் காலியாகிவிட்டால், தாவீது என்று ஒருவன் இங்கே கிடந்ததற்கு அத்தாட்சி கிடையாது.

திரும்பி வந்தான். நர்ஸ் மேஜைக்கு மேல் தொங்கிய நாட்காட்டியை ஆணியோடு பிடுங்கினான். திங்கட்கிழமைத் தாள் பெரிய எழுத்தில் இருந்தது. அதைத் தலையணையில், விபூதி நெற்றிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். சட்டைப் பையிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்தான்.

"அண்ணா, எம்மூஞ்சி வேணாம்," என்றாள் கல்பனா. ஆனால் நகரவில்லை. சரிந்து விழப்போன நாட்காட்டியை ஒரு விரலால் தாங்கிக்கொண்டாள்.

இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் போதாது. அங்கிருந்து பார்த்தால் யாரோ ஒருவன். எட்வர்ட் ஃபோகஸைத் தளர்த்திவிட்டு ஒரு எட்டு வைத்தான். இன்னொரு எட்டு. முட்டி கட்டிலில் இடித்தது. மருந்தும் வெந்த தோலும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. இத்தனை கிட்டே அவன் யாரையும் எடுத்ததில்லை. திரையில் முகம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மேரி வந்து அவன் முழங்கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள்.

கீழே ஒரு வண்டி பின்னோக்கி வரும் பீப் பீப் சத்தம். யாரோ வண்டிக் கதவைச் சாத்தினார்கள். பூவராகவனின் குரல் படிக்கட்டில் ஏறிவந்தது.

"தாவீது," என்றான் எட்வர்ட். "மாமாடா. படம் புடிக்கப் போறேன். இங்க பாரு."

இமை துடித்தது.

"கெட்டுப்பூடாதுடா. பாரு, இங்க பாரு."

கட்டுக்கு நடுவே ஒரு கண், பீளை ஒட்டிய இமையைப் பிய்த்துக்கொண்டு, மெதுவாகத் திறந்து நேராக லென்ஸைப் பார்த்தது. எட்வர்ட் அழுத்தினான். மறுபடி அழுத்தினான். படிக்கட்டுச் சத்தம் கதவுக்கு வந்து நின்ற பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தான்.