அடித்தது எந்த டெலிபோன்?

போன ஞாயிற்றுக்கிழமை பாரிஸில் ஒரு சஸ்பென்ஸ் படம் பார்த்தேன். பாதிப் படம்தான். மீதியைப் பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது... சொல்கிறேன்.

லா ஷப்பலில், கார் து நோர் ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் யேசுதாசனின் அறை. இலங்கையில் மன்னார்க்காரர், இங்கே ரெஸ்டாரண்டில் கோப்பை கழுவுகிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் நண்பர்கள் அங்கே கூடிவிடுவார்கள். ஆட்டிறைச்சிக் கறி, வாடகைக்கு ஒரு வீடியோ டெக், ஒரு கேசட். வாராவாரம் இதுதான் வழக்கம்.

இந்த வாரம் மட்டும் யேசுதாசன் வேண்டாம் என்றார். அவர் மனைவி ராணி, ஆள் கடத்தும் ஏஜென்ட் ஒருவனை நம்பி ஊரிலிருந்து கிளம்பிப் பல வாரங்கள் ஆகிவிட்டன. பெர்லினிலிருந்து ஒரு தடவை போனில் பேசினாராம். அதற்கப்புறம் மூச்சுப் பேச்சில்லை. மனுஷன் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, டெலிபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"கொஞ்சம் படத்தைப் பாருங்கோ அண்ணை, மனம் ஆறும்" என்று சொல்லி நண்பர்கள் கேசட்டைப் போட்டுவிட்டார்கள். மனம் ஆற சஸ்பென்ஸ் படம்! எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தாரோ?

எனக்கென்னவோ கொண்டாட்டம்தான். அந்த டைரக்டரின் பரம ரசிகன் நான். ஊமைப் படக் காலத்தில் தொழிலுக்கு வந்து கலர் வரை கொடிகட்டிப் பறந்தவர். பேய் கிடையாது, பூதம் கிடையாது. கதவு, மாடிப்படி, டெலிபோன் என்று நம் வீட்டுச் சாமான்களை வைத்தே நம்மை நடுங்க வைப்பார். கோடம்பாக்கத்தில் எத்தனை பேர் அவரைச் சுட்டிருக்கிறார்கள்! கிறீச்சிடும் கதவைச் சுட்டார்கள், படியேறும் நிழலைச் சுட்டார்கள்... அவருடைய பொறுமையை மட்டும் யாராலும் சுட முடியவில்லை. ஆபத்து வருவது நமக்குத் தெரியும், திரையில் இருப்பவருக்குத் தெரியாது. சீட்டில் நெளிவது நாம்தான்.

படம் பிரெஞ்சில் ஓடியது. தபால் இலாகாவில் ரிட்டையரான பாண்டிச்சேரி முசியே அந்துவான் ஒவ்வொரு காட்சியையும் உரக்கத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு பெண், தனி வீடு. டெலிபோன் அடித்தது.

"போன் அடிக்குது. எடுக்கப் பயப்படுறா" என்றார் முசியே.

"எடுக்காதை பிள்ளை!" என்று அறையே கத்தியது. யேசுதாசன்கூட! அவரையும் அந்த டைரக்டர் உள்ளே இழுத்துவிட்டார், பாருங்கள்.

அந்தப் பெண் ரிசீவரை எடுத்தாள். மணி நிற்கவில்லை.

"எடுத்துட்டாளே... அப்புறம் ஏன் அடிக்குது?" என்றார் முசியே.

யேசுதாசன் குதித்து எழுந்து மூலையிலிருந்த டெலிபோனை எடுப்பதற்குள் அது ஓய்ந்துவிட்டது.

அதற்கப்புறம் அந்த அறையில் இருந்த சஸ்பென்ஸ் இருக்கிறதே, எந்த டைரக்டராலும் எடுக்க முடியாது. யார் கூப்பிட்டது? எங்கிருந்து? திரும்பக் கூப்பிடக் காசு இருக்குமா, ஏஜென்டின் ஆட்கள் யாராவது காவலுக்கு நிற்பார்களா? திரையில் யாரோ யாரையோ துரத்தினார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

மறுபடி மணி அடித்தது. யேசுதாசனுக்குக் கை வரவில்லை. "எடு தம்பி!" என்று முசியே அதட்டியதும்தான் எடுத்தார்.

"ஓம்... ஓம்... ஓம்..." என்றார். ரிசீவரை வைத்துவிட்டு, கோட்டுகூடப் போடாமல் படியிறங்கி ஓடினார். பின்னாலேயே நாங்களும்.

கார் து நோர் வாசலில், டெலிபோன் கூண்டுக்குப் பக்கத்தில், ஒரு பையை அணைத்துக்கொண்டு ராணி நின்றார். ராணி பாரிஸ் வந்து சேர்ந்தது ராணிக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. எங்களைத்தான் அந்த டைரக்டர் திரைக்குள்ளே உட்கார வைத்திருந்திருக்கிறார்! சொல்ல வெட்கமில்லை, எனக்கும் கண் கலங்கிவிட்டது.

யேசுதாசன் அழுதார். ராணி அழவில்லை.

"முதல் அடிச்சனான், ஏன் எடுக்கேல்லை?"

"படம் பாத்துக்கொண்டு இருந்தனான்..."

வாயைத் திறந்திருக்கக் கூடாது. ராணி அவரை ஏற இறங்கப் பார்த்த பார்வைக்கு முன்னால் என் அபிமான டைரக்டரெல்லாம் எந்த மூலைக்கு?