மூன்றாவது பட்டை

சரோஜா அம்மா காலமான செய்தியைச் சங்கத் தலைவர் கோதண்டம்தான் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "நீங்கதான் சார் மைக்ல சொல்லணும். வேற யாரு கீறாங்க?" என்றார். நம் பாசனச் சங்க அலுவலகத்தில் இத்தனை காலமும் அந்த அம்மாள் பேசுவார், நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் நான் பேசியதில்லை.

நர்சம்மாவாக அவர் நம் வீடுகளில் செய்ததை ஊரார் நீங்கள் அறிவீர்கள். என்னைவிட நன்றாகவே சொல்வீர்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். அதையும் சரியாக எழுதுகிறேனா என்பது ஐயமே.

ஏரி நிரம்பும் காலத்தில் எச்சரிக்கை சொல்ல மூன்று ஒலிபெருக்கிகள் வைத்தோம். பெரிய தெருவில் ஒன்று, ஏரிக்கரையில் ஒன்று, கலங்கலுக்குக் கீழே உள்ள இருளர் குடியிருப்பில் ஒன்று. ஏரி நிறைந்தால் மிகுநீர் கலங்கல் வழியாக அந்தக் குடியிருப்பை ஒட்டித்தான் பாயும். மூன்றும் ஒரே கணினியிலிருந்து, அதில் செருகிய தனித்தனிச் சிறு ஒலிப்பெட்டிகள் வழியாகப் பேசும். திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைப் பட்டை. பேசப் பேசப் பட்டை ஏறி இறங்கும். குரல் மிஞ்சினால் அதன் நுனி சிவக்கும். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் அந்தப் பட்டைகளைக் கவனிக்கும் வேலை எனக்கு வந்தது.

அவர் பேசினால் நுனி சிவக்காமல் இருந்ததில்லை. "கொஞ்சம் மெதுவாகப் பேசலாமே அம்மா" என்று முதல் நாளே தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பிரசவத்துல 'முக்குடி, முக்குடி'ன்னு கத்தியே பழகின தொண்டை சார் இது. செவந்தா செவக்கட்டும். நான் இன்னா புதுப் பொண்ணா, வெக்கப்பட்டுக்கினு பேச?" என்றார். தலைவர் சிரித்ததில் தேநீர் சட்டையில் கொட்டியது.

ஆனால் குடியிருப்பின் ஒலியைக் குறைக்கச் சொன்னவரும் அவர்தான். அங்கே காத்தாயியின் கைக்குழந்தை ஒவ்வொரு அறிவிப்புக்கும் தூளியில் திடுக்கிட்டு அலறுகிறது என்று தெரிந்ததும், "அந்த ஒண்ண மட்டும் கம்மி பண்ணுங்க சார்" என்றார். அன்றிலிருந்து மூன்றாவது பட்டை மற்ற இரண்டையும்விடத் தாழ்ந்தே ஆடும்.

கலங்கல் பொங்கிய அந்த மழை நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பகல் முழுவதும் இருட்டிக் கிடந்தது. மின்சாரம் போய் வந்ததில் கணினி அணைந்து மீண்டும் எழுந்தது. கைப்பேசிக் கோபுரமும் செத்துவிட்டது. நீர் ஏறுகிறது என்று கரையிலிருந்து ஆள் ஓடி வந்து சொன்னதும் அம்மாள் மைக்கைப் பிடித்தார். "கலங்கலுக்குக் கீழ இருக்கிறவங்க எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க. சாமானப் பாக்காதீங்க, புள்ளைங்களத் தூக்குங்க" என்றார். மூன்று பட்டைகளும் ஆடின.

"போய்ச் சேந்துச்சு. மூணும் ஆடுதே" என்று தலைவர் எழுந்தார். எனக்கு ஏதோ உறுத்தியது. மூன்றாவது பட்டை தாழவில்லை. முதல் பட்டை எவ்வளவு ஏறியதோ, அதே அளவு அதுவும் ஏறியது. மழையில் கண் ஏமாற்றுகிறதோ, நானே அளவை மாற்றிவிட்டு மறந்தேனோ என்று எண்ணினேன். எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது பொய்ச் சந்தேகத்தைக் கிளப்புவானேன் என்றும் தோன்றியது.

"இன்னா சார், பேயறைஞ்ச மாதிரி உக்காந்துக்கினு கீறீங்க?" என்றார் அம்மாள்.

"ஒன்றுமில்லை. மூன்றாவது... முதலாவது மாதிரியே ஆடுகிறது. என் பிரமையாகவும் இருக்கலாம்."

"சார் எப்பவுமே இப்படித்தான்மா. பூட்டின கதவ நாலு வாட்டி இழுத்துப் பாப்பாரு" என்றார் தலைவர்.

அம்மாள் சிரிக்கவில்லை. குடையை எடுத்தார். "ஊர்ல எல்லாரும் உறுதியாத்தான் பேசறாங்க. சந்தேகப்படறதுக்கும் ஒரு ஆளு வேணும். தலைவரே, வண்டிய எடுங்க. கரை வரைக்கும் வுடுங்க, அதுக்கு மேல நான் நடந்துக்கறேன். சார், நீங்க அந்தப் பொட்டிய விட்டு நகராதீங்க."

அவர்கள் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. கணினி மறுபடி எழுந்தபோது மூன்றாவது ஒலிப்பெட்டியைக் காணாமல், அதற்குரிய ஒலியையும் முதல் பெட்டிக்கே அனுப்பியிருந்தது. ஆடியது தெருவின் பட்டை. அதுவே இரண்டு இடத்தில் ஆடியது. குடியிருப்புக்கு ஒரு சொல்லும் போகவில்லை. பெட்டியைக் கழற்றி வேறு துளையில் செருகினேன். விரல் வழுக்கி இரு முறை தவறாகச் செருகினேன். பெட்டியின் பெயர் திரையில் வந்ததும் மூன்றாவது இடத்தில் அதைப் பொருத்தினேன். மைக்கில் பேச எனக்கு நா எழவில்லை. சற்று முன் அம்மாள் பேசியதைக் கணினி பதிந்து வைத்திருந்தது, அதையே ஓடவிட்டேன். மூன்றாவது பட்டை தாழ்ந்து ஆடியது.

ஆனாலும் பட்டையை எப்படி நம்புவது? அறிவிப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டபடி சாளரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆடுகளும் மூட்டைகளுமாக மக்கள் பள்ளியை நோக்கி வருவது தெரிந்தது. எல்லோருக்கும் பின்னால் அம்மாள், இடுப்பு வரை சேறு, கையில் காத்தாயியின் குழந்தை.

"பாதி வழியில என் கொரலே என் மண்ட மேல கத்துது சார். எவ இவ, இப்படிக் கத்தறான்னு ஒரு நிமிசம் திட்டிட்டேன். அதுக்குள்ள காத்தாயி புள்ளைய இடுக்கிக்கினு எதிர்ல வரா" என்று மூச்சு வாங்கச் சொன்னார். பிறகு என் திரையைக் காட்டி, "இது இங்கேருந்து போனதத்தான் சொல்லும். அங்க கேட்டுச்சான்னு அங்க கீறவங்கதான் சொல்லணும். இனிமே பதில் வராம எழுந்திரிக்காதீங்க" என்றார். "போன் வேலை செய்யலைன்னா?" என்று கேட்டேன். "அவங்க வூட்ல தட்டு கீது இல்ல?"

அன்றிலிருந்து, ஒவ்வொரு அறிவிப்பும் முடிந்ததும் குடியிருப்பில் யாராவது தட்டைத் தட்டுவார்கள். அது காதில் விழுந்த பிறகே நாங்கள் இருவரும் எழுவோம்.

அவர் மறைந்த அன்று நான் பேசினேன். என் குரலுக்குப் பட்டைகள் பாதிகூட ஏறவில்லை. தெருவிலிருந்தும் கரையிலிருந்தும் கேட்டதாக ஆட்கள் வந்து சொன்னார்கள். குடியிருப்பிலிருந்து தட்டுச் சத்தம் வரவில்லை. மூன்றாவது பட்டை சரியாகத்தான் இருந்தது. பெட்டியைக் கழற்றிச் செருகினேன். மீண்டும் பேசினேன். "போதும் சார், வாங்க, மாலை வாங்கணும்" என்று தலைவர் கூப்பிட்டார். நான் எழவில்லை.

வாசலில் காத்தாயி வந்து நின்றாள். ஓடியே வந்திருந்தாள். மகன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்; இப்போது நடக்கிறவன்.

"கேட்டுச்சி சார். மொத தபாவே கேட்டுச்சி. அந்தம்மா செத்துட்டாங்கன்றதுக்கு எப்டி சார் தட்டத் தட்டறது? அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அதன் பிறகே எழுந்தேன். இந்த மழைக்கும் அதே நாற்காலியில் இருப்பேன், பூட்டிய கதவை நாலு முறை இழுத்துப் பார்ப்பவனாகவே. அந்தக் குணத்துக்காக வெட்கப்படாமல் இருக்க அம்மாள் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.