நான் எரிக்காத கிளச்

என் கணவர் லண்டனில் ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள் ஒரு கார். எங்களுக்கென்று ஒரு நல்ல கட்டில் வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது. எண்பதுகளின் கடைசி. மனோர் பார்க்கில் ஒரு வரிசை வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை, எனக்குத் தையல் தொழிற்சாலையில். காருக்கு நீண்ட மூக்கு, இரண்டே கதவு, ஆறு சிலிண்டர் எஞ்சின். பின்சில்லுகளில் உந்தி ஓடும் வகை. தெருமுனைச் சிக்னலில் பச்சை விழுந்ததும் அவர் மிதிக்கிற மிதியில் அந்தச் சில்லுகள் கத்திக்கொண்டு சுழலும். அந்தச் சத்தத்துக்காகவே அதை வாங்கினார் என்று நினைக்கிறேன்.

எனக்கும் கார் ஓடப் பழக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தொழிற்சாலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். குளிர்காலத்தில் விரல் விறைத்துப்போய் ஊசி கோக்க முடியாது. கடைசியில் ஒத்துக்கொண்டார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், ஒவ்வொன்றிலும் அரை மணித்தியாலம், ஆள் நடமாட்டம் இல்லாத தெருக்களில். நான்காவது முறை நான் மிதிக்க மிதிக்க எஞ்சின் அலறியது, கார் மட்டும் நகர மனமில்லாமல் ஊர்ந்தது. அவர் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

"நீர் கிளச்சில காலை வச்சுக்கொண்டே ஓடுறீர். எரிச்சுப் போட்டீர்."

நான் நம்பினேன். வீட்டுக்கு வந்து இடது காலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், ஏதோ குற்றம் செய்த கால் மாதிரி.

கிளச் மாற்ற வந்தவர் என் கணவரோடு வேலை செய்த ஒருவர். ஊரில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். நான் அண்ணை என்று கூப்பிடுவேன். இங்கே அவரைப் பெற்றோல் நிலையத்தில் சேர்த்துவிட்டவர் என் கணவர்தான், அவருக்கு மேலாளரும் என் கணவர்தான். ஒரு ஞாயிறு காலை வீட்டு வாசலிலேயே, தெருவோரத்தில், காரை ஜக்கில் தூக்கி இரும்பு முக்காலிகளில் நிறுத்தினார்கள். பின்சில்லுக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்ற வேண்டும், பிறகு கியர் பொக்ஸை எஞ்சினிலிருந்து பின்னுக்கு இழுத்து இறக்க வேண்டும், அதற்குப் பின்னால்தான் கிளச் என்று அண்ணை சொன்னார். கியர் பொக்ஸை இறக்க இரண்டு பேர் வேண்டும். என் கணவர் நாரிப்பிடிப்பு, இடுப்பு வளையாது என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையோடு மதிலில் சாய்ந்துகொண்டார். அவருடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நான்தான் காருக்கு அடியில் போனேன்.

கீழே அட்டைப் பெட்டிகளை விரித்திருந்தோம். முகத்தில் துரு உதிர்ந்தது. கியர் பொக்ஸ் என் வயிற்றின் மேல் மெதுவாக இறங்கியபோது மூச்சு நின்றுவிட்டது. அதைப் புரட்டி ஒதுக்கிவிட்டு, அண்ணை கிளச் தட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தார். ஈரமாக, கறுப்பாக மினுங்கியது.

"இஞ்சை பாருங்கோ தங்கச்சி. தட்டு முழுக்க ஒயில். எஞ்சினுக்குப் பின்னால இருக்கிற சீல் பழுதாப் போட்டுது, அதால கசிஞ்சிருக்கு. ஒயில் பட்டால் ஆர் ஓடினாலும் வழுக்கும்."

"அப்ப நான் எரிக்கேல்லையோ?"

"இல்லை. நீங்கள் ஓடினதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

அதை அவரிடமும் சொல்லுங்கள் என்றேன். அண்ணை காருக்கு அடியில் கிடந்தபடியே சொன்னார். சீல் வளையத்தையும் மாற்றாவிட்டால் புதுக் கிளச்சும் இதே கதிதான் என்றும் சொன்னார். மதிலோரம் நின்ற கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அவை அசையவில்லை.

"கொஞ்ச ஒயில்தானே அண்ணை. துடைச்சுப்போட்டுப் பூட்டுங்கோ. நாளைக்கு எனக்குக் கார் வேணும்."

பெற்றோலில் நனைத்த துணியால் உள்ளே படிந்திருந்த ஒயிலை நான் துடைத்தேன்; பழைய சீல் அப்படியே இருந்தது. புதுத் தட்டை நடுவில் சரியாக நிறுத்த ஒரு கருவி வேண்டுமாம், அது இல்லாததால் நான் வீடு கூட்டுகிற தும்புத்தடியின் நுனியைச் சீவி ஒட்டுநாடா சுற்றி அண்ணை சமாளித்தார். கியர் பொக்ஸை ஏற்றுவதுதான் சீவன் போகிற வேலை. இரண்டு பேரும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல நான் வால் பக்கத்தை மயிரளவு மயிரளவாகத் திருப்பினேன். நாலைந்து தரம் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு ஒரு முறை, சட்டென்று, உள்ளே போய்ப் பொருந்தியது. நான் அந்த நேரம் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் காரில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அவ்வளவுதான்.

அடுத்த கிழமை ஈஸ்ட் ஹாமில் ஒரு பிறந்தநாள் விழா. ஆம்பிளைகள் கூடி நின்று கார்களைப் பற்றிக் கதைத்தார்கள். என் கணவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "மனிசிக்கு நாலு தரம்தான் குடுத்தனான். கிளச்சையே தின்னுபோட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த பற்றிஸ் பலகாரத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. நகக்கண்ணில் அந்தக் கறுப்பு ஒயில் இன்னும் இருந்தது. கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

பாடம் அதோடு நின்றது. இலையுதிர் காலத்தில் எஞ்சின் மறுபடி அலறத் தொடங்கியது. இந்த முறை அவரைத் தவிர வேறு எவரும் சாரதி இருக்கையில் இருக்கவில்லை. அவர் வீட்டில் ஒரு சொல்லும் சொல்லாமல் காரை விற்க விளம்பரம் போட்டார். காரைப் பார்க்க வந்த வெள்ளைக்கார இளைஞன் கிளச்சைக் குறித்துக் கேட்டபோது, என் மனைவிக்கு ஓடத் தெரியாது, அவள் செய்த வேலை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவன் என்னைப் பார்த்துப் பரிவோடு சிரித்தான். எனக்கு விளங்காது என்று நினைத்திருப்பான்.

கார் விற்றுப்போனதைக் கேள்விப்பட்டு அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். என் கணவர் வேலையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நான் அண்டைக்கு ஆக்களுக்கு முன்னால சொல்லியிருக்கோணும்."

"ஓம். சொல்லியிருக்கோணும். இனியாவது சொல்லுவீங்களோ?"

"என்ர ஷிப்ட் எல்லாம் அவரின்ர கையில எல்லோ" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், காசு கொடுத்துக் கார் ஓடப் பழகி, இரண்டாம் முறை சோதனையில் தேறினேன். அதற்குள் தையல் மெசினை மிதித்து மிதித்து இடது முழங்கால் பழுதாகிவிட்டது. ஓட்டோமற்றிக் கார்தான் ஓடலாம் என்று டொக்டர் சொன்னார், அதையே வாங்கினேன். கிளச் இல்லாத கார். கோயில் வாசலில் அதைப் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கணவருக்கு வாய் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை.

இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஏற்றிப் போகிறேன். பக்கத்தில் இருந்துகொண்டு, பிரேக்கைப் பிடியும், லேன் மாறும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவார். நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.